தலை சாய்ந்த இடம்

என் கையெழுத்து நன்றாக இருக்காது. பிழைகளும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை ஒரு மரியாதைக்காகச் சொல்லவில்லை. இந்தக் கையெழுத்தை நினைத்து நான் வெட்கப்பட்டதால் ஒரு நல்ல படம் கெட்டுப்போனது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கறை எடுப்பது என் வேலை. தைத்து முடித்த துணி செக்கிங் பிரிவுக்கு வரும்போது அதில் மெஷின் எண்ணெய் இருக்கும், பேனா மை இருக்கும், ஊசி குத்திய ரத்தம் இருக்கும். அதையெல்லாம் என் மேஜைக்குத் தள்ளுவார்கள். கையில் ஒரு கன் உண்டு. அழுத்தினால் மருந்து ஊசி போல மெல்லிசாகப் பீச்சும். கறை கரைந்து மறுபக்கம் போய்விடும். கன்னை எடுப்பதற்கு முன் ஒன்று பார்க்க வேண்டும். அது கறையா, சாயமா? கறை துணிக்கு மேலே உட்கார்ந்திருக்கும். சாயம் நூலுக்குள்ளேயே இருக்கும். நகத்தால் லேசாகத் தொட்டால் எனக்குத் தெரிந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று இருந்தேன்.

எங்கள் முதலாளி சாயப்பட்டறையில் வேலைக்கு இருந்து மேலே வந்தவர். நிறத்தில் அவருக்கு இருந்த கண் யாருக்கும் கிடையாது. நாற்பது வெள்ளையைக் கலந்து போட்டாலும் தனித்தனியாகப் பிரித்து வைப்பார். வெளிநாட்டிலிருந்து துணி வாங்க வந்த பையர் அம்மா ஒருவர், ஆபீஸ் சுவர்கள் ஏன் இப்படி மொட்டையாக இருக்கின்றன என்று கேட்டதில்தான் வரைந்த படங்களை வாங்கும் பழக்கம் ஆரம்பித்தது. முதலில் துணி வாங்குவது போலத்தான் வாங்கினார். அந்த சீசனில் என்ன நிறம் ஓடுகிறதோ அந்த நிறத்தில் எட்டு, பத்து என்று வந்து இறங்கும். பிறகு மெல்ல மாறினார். ஒரு படத்தின் முன்னால் கால் வலிக்கும்வரை நிற்பார். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டார். அவர் படங்களை நேசித்தது உண்மை. அதை நான் மறைக்க மாட்டேன்.

என்னை அதில் இழுத்துவிட்டது ஒரு வேன். முதல் லோடு படங்கள் வந்தபோது, வேன் கதவில் இருந்த கிரீஸ் ஒரு படத்தின் வெள்ளை ஓரத்தில் பட்டுவிட்டது. கறை எடுக்கிறவனைக் கூப்பிடு என்றார். நான் கன்னைத் தொடவில்லை. விளக்குமாற்றுக் குச்சியில் பஞ்சைச் சுற்றி, திரும்பி நின்று எச்சிலில் நனைத்து, ஒற்றி ஒற்றி எடுத்தேன். ஒரு மணி நேரம் ஆனது. எப்படி எடுத்தாய் என்று கேட்டார். எச்சில் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "மருந்துதானுங்க" என்றேன். அன்றிலிருந்து மூன்றாம் மாடிப் பட அறையின் சாவி என்னிடம் இருந்தது. காலையில் இரண்டு மணி நேரம் அங்கே, மிச்ச நேரம் செக்கிங் மேஜையில்.

படம் பார்த்துக்கொள்ள யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எங்கள் ஊர்க் காற்றில் பஞ்சுத்தூசி ஓயவே ஓயாது. இரண்டு நாள் விட்டால் படத்தின் மேல் மீசை முளைத்த மாதிரி ஆகிவிடும். வெள்ளை கட்டிங் வேஸ்ட்டில் மெல்லிசுத் துணியாகப் பொறுக்கி, மூன்று முறை சோப்பில்லாமல் அலசி, அதைச் சட்டத்துக்கு வைத்துக்கொண்டேன். படத்துக்கு வெறும் பூனைமுடி பிரஷ். ஈரம் இழுக்கப் பெட்டிகளில் போடும் சிலிக்கா பொட்டலங்களைச் சட்டத்துக்குப் பின்னால் வைத்து, மழைக் காலத்தில் வாரம் ஒருமுறை வெயிலில் காயவைத்து மாற்றினேன். அந்த அறைக்குள் தண்ணீர் பாட்டிலைக்கூடக் கொண்டுபோக மாட்டேன். கதவுக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

இன்னொன்றும் செய்தேன். கம்பெனியில் ஒவ்வொரு கட்டுத் துணியோடும் ஒரு கார்டு போகும். யார் வெட்டியது, யார் தைத்தது, எங்கே பழுது என்று அதில் இருக்கும். அது இல்லாமல் ஒரு கட்டும் அடுத்த மேஜைக்கு நகராது. அதே மாதிரி ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு கார்டு ஒட்டினேன். வந்த தேதி, என்ன பழுதோடு வந்தது, எதைத் தொடக்கூடாது, பொட்டலம் மாற்றிய நாள், எல்லாம் என் கையெழுத்தில்.

முதலாளி படம் வாங்கப் போகும்போது, சாயம் ஒப்பிட்டுப் பார்க்கும் மூன்று வகை விளக்குகளை ஒரு சட்டத்தில் மாட்டி, காரில் வைத்து எடுத்துப்போவோம். வெயில் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு வெளிச்சம். மூன்றிலும் பார்த்த பிறகுதான் வாங்குவார். பிளக் எங்கே இருக்கிறது என்று நான் தேடுவதைப் பார்த்து ஓவியர்கள் சிரிப்பார்கள்.

அப்படித்தான் அந்தப் படத்தை வாங்கினோம். இருபது வருடம் இருக்கும். சென்னைக்குத் தெற்கே, கடல் பக்கம் ஒரு சின்ன வீடு. லுங்கி கட்டிய ஒல்லியான ஓவியர். படத்தில் ஒரு சுவர் மட்டும்தான். சுண்ணாம்பு அடித்த பழைய சுவர். ஓர் ஆணி. அதற்குக் கீழே, காலண்டர் தொங்கிய இடம் சதுரமாக வெளுத்திருக்கும். இன்னும் கீழே, இடது பக்கம், தரையில் உட்கார்ந்தால் தலை எட்டும் உயரத்தில், உள்ளங்கை அளவுக்கு டீ நிறத்தில் ஓர் அடையாளம்.

முதலாளி விளக்கை மாற்றி மாற்றிப் போட்டுவிட்டுச் சொன்னார்: "டீ கொட்டியிருக்குதுங்களே. வெலைல கொஞ்சம் பாத்துக்குங்க."

ஓவியர் இருமல் வரும்வரை சிரித்தார். "சார், அத எடுத்துட்டா மிச்சம் வெறும் செவுருதான். அதுக்கு நீங்க வெள்ளையடிக்கிற ஆளக் கூப்பிட்டிருக்கலாமே."

"அப்ப அது என்னங்க?"

"தல. தெனம் ஒருத்தங்க அங்க உக்காந்து சாஞ்சிருக்காங்க. தலையில எண்ணெய். ஆளு போயாச்சு. எண்ணெய் போகல."

முதலாளி அதற்குப் பிறகு பேரம் பேசவில்லை. திரும்பும்போது விழுப்புரம் தாண்டியிருந்தோம். அவராகவே சொன்னார்: "எங்கூட்லயும் இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சுப்பா. எங்கய்யன் சாஞ்ச எடம். பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்படிப்போம். சித்திரைக்குள்ள மறுபடியும் மேல வந்துரும்."

அன்று ராத்திரி வந்து இறங்கியதும் கார்டு எழுதினேன். "கீழே இடது பக்கம் டீ நிறம். தலை சாய்ந்த இடம். கறை அல்ல. எடுக்கக் கூடாது."

அந்தப் படம் உள் அறையில் மாட்டப்பட்டது. விருந்தாளிகளுக்கு அதைக் காட்டமாட்டார். காட்டினாலும் படம் எங்கே என்றுதான் கேட்பார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. அந்த வெள்ளைக்குள் எத்தனை வெள்ளை என்று எண்ண ஆரம்பித்து ஒரு நாளும் முடித்ததில்லை. அந்த எண்ணெய் அடையாளத்தின் மேல் வெள்ளை வண்ணம் மெல்லிய கோடுகளாக ஓடியிருக்கும். அதாவது, முதலில் அடையாளத்தை வரைந்து, அதன் மேல் சுண்ணாம்பை வரைந்திருக்கிறார். நிஜச் சுவரில் நடக்கிற மாதிரியே. இதை நானாகத்தான் கண்டுபிடித்தேன். யாரிடமும் சொன்னதில்லை.

கார்டுகளுக்கு வந்த வினை மெர்ச்சண்டைசரால். பையர்களோடு பேசுகிற, இங்கிலீஷ் தெரிந்த ஆள். ஒருநாள் மாடிக்கு வந்தவர், நான் இறக்கி வைத்திருந்த படத்தின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டார். ஆபீஸ் பெண்கள் நான்கு பேரைக் கூப்பிட்டு, சத்தமாகப் படித்துக் காட்டினார்.

"ஏனுங்க, இது நீங்க எழுதுனதா, இல்ல கோழி கௌறுனதா? இங்க பாருங்க, ஒரு எழுத்து படுத்திருக்குது, ஒண்ணு எந்திரிச்சு ஓடுது."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏணியைப் பிடித்தபடி நின்றேன். அடுத்த வாரமே எல்லாப் படங்களின் பின்பக்கத்திலும் கறுப்புத் துணி வைத்து ஓரம் தைத்து மூடினேன். தூசி போகாமல் இருக்க என்று முதலாளியிடம் சொன்னேன். "நல்ல யோசனப்பா" என்றார்.

வருடங்கள் போயின. படங்கள் நூற்றைம்பதைத் தாண்டின. முதலாளிக்கு எழுபது தாண்டியது. கண்ணில் புரை. அதைச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. நிறத்துக்கே பேர்போனவரிடம் உங்கள் கண் சரியில்லை என்று யார் சொல்வது? ஒருநாள் அவரே ஒரு ஆர்டரை மஞ்சளடிக்கிறது என்று திருப்பி அனுப்ப, அது நல்ல வெள்ளையாக இருக்க, அப்புறம்தான் கோயம்புத்தூர் போய் ஆபரேஷன் செய்துகொண்டார்.

இரண்டு வாரம் கழித்து மாடிக்கு வந்தார். சின்னப் பிள்ளை மாதிரி இருந்தார். "அடேயப்பா, இந்த நீலம் இப்பிடியா இருந்துச்சு? ஏப்பா, நீ தெனமும் இதப் பாத்துட்டா இருந்த? சொல்லவே இல்லையே" என்று ஒவ்வொரு படமாகப் போனார். அவருடைய சேகரிப்பைப் பற்றி ஒரு புத்தகம் போடுகிற ஏற்பாடு அப்போது நடந்துகொண்டிருந்தது. போட்டோ எடுக்கிற ஆட்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். மெர்ச்சண்டைசரும் கூடவே இருந்தார்.

முதலாளி உள் அறைக்கு வந்து அந்தச் சுவர்ப் படத்தின் முன்னால் நின்றார்.

"ஏப்பா. இது எப்ப ஆச்சு?"

"எதுங்க?"

"இந்தா. டீ."

நான் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "டீ இல்லீங்க. அது படத்துலயே இருக்கறதுங்க."

"இத்தன நாளா எங்கண்ணுக்கு இது படலையே."

மெர்ச்சண்டைசர் சிரித்தார். "இருவது வருசமா இங்கயே கெடக்கறாருங்க. ஒரு நாள் டீ கை தவறியிருக்கும். சும்மா சொல்லீருங்கண்ணா, யாரும் அடிக்க மாட்டாங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். "மூணு வெளிச்சத்துலயும் பாத்து வாங்குனவன் நானு. கறையோட வாங்குவனா?"

நீங்களே அன்று இதையே கேட்டீர்கள், ஓவியர் சிரித்தார், உங்கள் அய்யன் சாய்ந்த இடத்தைப் பற்றிச் சொன்னீர்கள். இது ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடியது. ஆனால் அத்தனை பேர் முன்னால், நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாயால் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. படத்தைத் திருப்பி, தையலைப் பிரித்தால் கார்டு இருக்கிறது. நூல் வெட்டும் கத்திரி என் சட்டைப்பையில் இருந்தது. கை அதைத் தொட்டது.

கார்டை எடுத்தால் மெர்ச்சண்டைசர்தான் வாங்கிப் படிப்பார். போட்டோக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஒரு எழுத்து படுத்திருக்கும், ஒரு எழுத்து எழுந்து ஓடும்.

கையை எடுத்துவிட்டேன்.

"கன் எடுத்துட்டு வா" என்றார்.

கீழே போய் எடுத்து வந்தேன். மூன்று மாடி. ஏறி வருவதற்குள் அவர் மனம் மாறியிருக்கும் என்று நினைத்தேன். முதலில் பஞ்சும் எச்சிலும் வைத்துப் பார்த்தேன். போகாது என்று தெரிந்தே செய்தேன். "அதுல எத்தன நாள் ஒக்காந்திருப்ப? கன்ல அடிப்பா." அடித்தேன். வெள்ளை பால் மாதிரி இளகி ஓடியது. அதோடு அந்த எண்ணெயும் போனது. அடியில் கித்தான் துணியின் இழை தெரிந்தது. நான் சட்டென்று பஞ்சால் ஒற்றினேன். என்ன ஒற்றி என்ன?

முதலாளி நான்கடி தள்ளி நின்று பார்த்தார். "போயிருச்சு பாரு" என்றார். சந்தோஷமாகச் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் தென்காசிப் பக்கம். செக்கிங்கில் வேலை பார்க்க வந்தவள். எட்டாவது வரை படித்தவள்.

"கார்டு இருந்துச்சுல்லா? அத எடுத்து நீட்டீருக்கலாம்லா? வாயில என்ன, கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

"எழுத்து அசிங்கமா இருக்கும்."

"ஒங்க எழுத்த எனக்குப் படிக்க முடியுது. அவனுவளுக்கு முடியாதா?" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து ஓர் அம்மா வந்தார். படங்களைப் பற்றி எழுதுகிறவர். புத்தகத்துக்கு முன்னுரை எழுத வந்திருந்தார். மற்ற படங்களை வேகமாகப் பார்த்துவிட்டு, "அந்தச் சுவர் உங்ககிட்டதானே இருக்கு? அதைப் பார்க்கத்தான் முக்கியமா வந்தேன்" என்றார். முதலாளி பெருமையோடு உள்ளே கூட்டிப்போனார். நான் டீ தட்டோடு கதவில் நின்றேன்.

அந்த அம்மா வெகுநேரம் குனிந்து பார்த்தார். "இங்க ஒரு அடையாளம் இருந்திருக்கணுமே."

"அது கறைங்க. சுத்தம் பண்ணியாச்சு."

"கறையா?" அவர் குரல் தாழ்ந்துவிட்டது. "வரைஞ்சவர் உயிரோட இருந்தப்போ இந்தப் படத்தைப் பத்தி அடிக்கடி சொல்வார். திருப்பூர்லேர்ந்து ஒருத்தர் விளக்கெல்லாம் தூக்கிட்டு வந்தாராம். டீ கொட்டியிருக்கு, விலையைக் குறைங்கன்னாராம். அது தலை சாய்ஞ்ச இடம்னு சொன்னதும் மனுஷன் அப்படியே உட்கார்ந்துட்டாராம். என் படத்தை முழுசா பார்த்த ஒரே ஆள் அவர்தான்னு சொல்வார்."

நான் முதலாளியின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு நினைவு வந்துவிட்டது. எப்போது வந்தது என்றுகூட என்னால் சொல்ல முடியும். கீழ் உதடு ஒருமுறை உள்ளே போனது. பிறகு கதவுப் பக்கம் திரும்பி என்னைக் காட்டினார்.

"நம்ம ஆளுதானுங்க. படிப்பு இல்லாதவரு. தெரியாம பண்ணீட்டாரு."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஆமாங்க என்று வேறு சொன்னேன். டீ தட்டைக் கதவுக்கு வெளியே வைத்தேன்.

அவர் போன பிறகு முதலாளி என்னை மட்டும் மேலே கூப்பிட்டார். அந்தச் சுவருக்கு முதுகு காட்டி நின்றார்.

"உனக்கு நெனப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"அப்பறம் ஏன் சொல்லல?"

நான் சட்டத்தின் ஓரத்தைத் துணியால் துடைத்தேன்.

"சொல்லியிருக்கலாமல்லப்பா" என்றார். கதவுவரை போய்த் திரும்பி, "சரி. இனி சொல்லாத" என்றார்.

புத்தகம் வந்தது. வழவழப்பான தாள், நல்ல கனம். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். மனைவி படித்துக் காட்டினாள். சேகரித்த கதை முழுவதும் இருந்தது. விளக்குச் சட்டம் இருந்தது. பராமரிப்பு என்று ஒரு பகுதி. மூன்று முறை அலசிய பனியன் துணி, சிலிக்கா பொட்டலம், பின்பக்கம் கறுப்புத் துணி, எல்லாவற்றையும் முதலாளியே செய்தது போல எழுதியிருந்தது. கிரீஸ் எடுத்தது "தனிப்பட்ட முறையில் தயாரித்த ஒரு திரவத்தால்" என்று இருந்தது. அந்த இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வந்தது. என் எச்சில்.

நானும் இருந்தேன், கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கத்தில், ஒரே வரியில். "ஒரு தொழிலாளியின் அறியாமையால் ஒரு முக்கியமான ஓவியம் சேதமடைந்தது."

மனைவி புத்தகத்தை மூடி, டிவி மேஜையின் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டாள். அந்தக் கால் ஆடிக்கொண்டே இருந்தது. இப்போது ஆடுவதில்லை.

அந்தச் சுவரை உள் அறையிலிருந்து எடுத்து முன் ஹாலில் மாட்டியிருக்கிறார்கள். மேலே தனி விளக்கு. முன்பு யாரும் திரும்பிப் பார்க்காத படம், இப்போது எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். முதலாளி கதையை நன்றாகச் சொல்கிறார். சொல்லச் சொல்ல வளர்ந்திருக்கிறது. இப்போதெல்லாம் அதில் நான் வாளியும் சோப்பும் கொண்டுவருகிறேன். போன வாரம் புது பையர்கள் வந்தபோதும் சொன்னார். நான் டீ கொண்டுபோன நேரம். மெர்ச்சண்டைசர் இங்கிலீஷில் மாற்றிச் சொன்னார். "இந்த ஆளுதானுங்க" என்று முதலாளி காட்ட, அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நல்லவர்கள்தான். ஒருவர் என் தோளைத் தட்டினார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும்வரை அந்தச் சிரிப்பு முகத்தை விட்டுப் போகவில்லை.

கறை எடுக்கத் தெரியாதவன் என்று சொன்னால்கூடப் போகிறது. கறை எது என்று தெரியாதவன் என்கிறார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

இன்று கம்பெனி லீவு. சாவி என்னிடம்தான். காலையில் போய், படத்தை இறக்கி, பின்பக்கத் தையலைப் பிரித்தேன். கார்டு அப்படியே இருந்தது. கோந்து மட்டும் பழுப்படித்திருந்தது. இதை எழுதும் தாள்களையும் அதன் பக்கத்தில் வைத்துத் தைத்துவிடுவேன். எப்போதாவது யாராவது பிரிப்பார்கள். பழைய வரிகளுக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருந்தது. எழுத்து இன்றும் கோணல்தான். அழித்து எழுதவில்லை.

"எடுக்கப்பட்டது. எடுத்தவன் நான். கறை அல்ல என்று தெரிந்தே எடுத்தேன்."

7.9.2025, ஞாயிற்றுக்கிழமை.